ஏற முடியாத மலைக்கு லிஃப்ட்

லண்டனில் இருக்கும் என் மச்சினன் அனுப்பும் பரிசு எதுவும் சிங்கப்பூரில் செல்லுபடியானதில்லை. முதல் வருஷம் கம்பளிக் கையுறை அனுப்பினான். அடுத்த வருஷம், கார் கண்ணாடியில் உறையும் பனியைச் சுரண்டுகிற ஒரு கரண்டி வந்தது. என்னிடம் கார் இல்லை, ஊரில் பனி இல்லை. அதனால் அது தோசைக்கல் சுரண்டும் வேலையில் சேர்ந்து, இன்றுவரை நல்ல பெயரோடு இருக்கிறது. மூன்றாம் முறை வந்தது ஒரு டிவிடி. ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’. பிபிசி எடுத்தது, இரண்டு பகுதி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸை உண்டாக்கிய ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய நாவல் அது. பதினான்கு வயதில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து, மூன்று முறை படித்து, பேருந்தில் விட்டுவிட்டு, அபராதம் கட்டினேன். ‘தொலைந்த உலகம்’ என்று பெயர் வைத்த புத்தகத்தை வேறு என்ன செய்வான் என்று அப்பா அத்தோடு விட்டுவிட்டார்.

டிவிடியைப் போட்டேன். ‘மண்டலம் தவறு’ என்று திரையில் எழுத்து வந்து நின்றது. அப்போதுதான் தெரிந்தது, டிவிடிக்காரர்கள் உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்ட கதை. பிரிட்டன் இரண்டு, சிங்கப்பூர் மூன்று, இந்தியா ஐந்து. இரண்டாம் மண்டலத்து டைனோசர் மூன்றாம் மண்டலத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாதாம். நூறு வருஷத்துக்கும் மேலே எங்களை ஆண்டவர்கள், ஒரு டிவிடிக்கு விசா கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போய், எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் ஒன்றை ஒரு சின்னக் கடையில் கண்டுபிடித்தேன். 68 வெள்ளி. வீட்டில் 38 என்று சொன்னேன். ரிமோட்டுக்கு பேட்டரி வாங்க முஸ்தபா பேரங்காடிக்குள் நுழைந்ததுதான் பிசகு. சைட் ஆல்வி சாலைப் பக்கம் உள்ளே போனவன், எந்த மாடியில் எந்தப் பக்கம் வாசல் என்று பிடிபடாமல் ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். ஒருவழியாக வெளியே வந்தபோது கையில் இரண்டு கிலோ உளுந்தும் ஒரு சிவப்பு சூட்கேஸும் இருந்தன. பேட்டரி இல்லை.

“சூட்கேஸ் எதுக்கு?” என்றாள் மனைவி.

“பயணத்துக்கு” என்றேன். அந்தக் கணத்தில் வாயில் வந்தது அதுதான். பின்னால் அது என்னையே பிடித்துக்கொண்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் சேலஞ்சர் என்று ஒரு முரட்டு விஞ்ஞானி. தென்னமெரிக்கக் காட்டுக்கு நடுவே, செங்குத்தாக நிற்கும் ஒரு பீடபூமியின் தலையில் டைனோசர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்கிறார். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் மூத்தவரான சம்மர்லீ என்ற பேராசிரியர், லார்டு ராக்ஸ்டன் என்ற வேட்டைக்காரர், மலோன் என்ற இளம் நிருபர் ஆகியோரோடு கிளம்புகிறார். மேலே போகிறார்கள், இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சேலஞ்சரைப் போலத் தானே ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு கோனன் டாயில் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த உற்சாகத்தில் நானும் பத்து நாள் தாடி வளர்த்தேன். மின்தூக்கியில் பார்த்த கீழ்வீட்டுக்காரர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேனா என்று கேட்டார். மறுப்பதற்கு முன்பே, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே சிரைத்துவிட்டேன்.

படம் பார்க்கும் நாளில் எல்லாருக்கும் வேடம் பிரித்தேன். சேலஞ்சர் நான். எதையும் நம்பாத சம்மர்லீ என் மனைவி. அதற்குத் தேர்வே வைக்கவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்குச் சொல்லும் மகள் மலோன். அரியலூர்ப் பக்கத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த மாமியார் லார்டு ராக்ஸ்டன். எங்கள் வீட்டுப் பல்லிகளைக் கேட்டுப் பாருங்கள், விளக்குமாற்றுக் குறி ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

2001 கிறிஸ்துமஸ் அன்றும் அதற்கு மறுநாளும் பிரிட்டனில் ஒளிபரப்பான படம் அது. சேலஞ்சராக பாப் ஹாஸ்கின்ஸ். குள்ளம், தொப்பை, கோபம். “இவரு உங்கள மாதிரியே இருக்காரு” என்றாள் மனைவி. மூன்றில் இரண்டுதான் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன். எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன். நாவலில் இல்லாத ஒரு பாதிரியாரை இதில் சேர்த்திருக்கிறார்கள். அவராக வருபவர் பீட்டர் ஃபால்க்.

“இவரு அந்த கசங்கின மழைக்கோட்டு போட்டுக்கிட்டு துப்பறியறவர்தானே?” என்றார் மாமியார்.

கொலம்போ தொடரை அரியலூரில் யார் காட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. “கொலைகாரன் யாருன்னு இப்ப சொல்லிருவாரு பாருங்க” என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் அந்தப் பாதிரியாரே மற்றவர்களை மலை மேல் மாட்டிவிடுகிறவர் என்று தெரிந்ததும் மாமியாருக்கு வந்த வருத்தத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் ஒருவழியாகப் பேட்டரி போட்ட ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொன்னேன். இந்த டைனோசர்களைச் செய்தவர்கள் லண்டன் ஃப்ரேம்ஸ்டோர்காரர்கள். 1999இல் வந்த ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடருக்கும் அவர்கள்தான். கதை நடப்பது தென்னமெரிக்காவில், படம் எடுத்தது நியூசிலாந்தில். அலோசாரஸ் வாயைப் பிளந்தபடி மூன்றாம் முறையாக உறைந்து நின்றபோது மனைவி சொன்னாள்: “பாவம், அதுக்கு வாய் வலிக்கும். விடுங்க.”

விட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விட முடியவில்லை. படத்தில் ஆக்னஸ் என்று ஒரு பெண், அந்தப் பாதிரியாரின் உடன்பிறந்தவர் மகள், காடு தெரிந்தவள், இவர்களோடு சேர்ந்து மலைக்கு வருகிறாள். மூலத்தில் அந்தப் பயணத்தில் பெண்ணே கிடையாது.

“இதுதான் டிவிக்காரங்க புத்தி” என்று எழுந்து நின்றுவிட்டேன். “1925இல் மௌனப் படமா எடுத்தப்ப ஒரு பொண்ணச் சேர்த்தாங்க. 1960இல் எடுத்தப்ப ஒரு பொண்ணு, கூட ஒரு சடைநாய்க்குட்டி. 1999இல் ஆஸ்திரேலியாவுல தொடரா எடுத்தப்ப ரெண்டு பொண்ணு. இப்ப இவங்க. ஒருத்தருக்காவது அந்த நாலு ஆம்பளைங்கள அப்படியே விடணும்னு தோணல.”

உண்மையைச் சொன்னால் 1960 படத்தில் பெண்ணும் நாயும் இருந்ததைவிடப் பெரிய அநியாயம், டைனோசர்களே இல்லாதது. உடும்புக்கும் ஓணானுக்கும் கொம்பும் செதிலும் ஒட்டி டைனோசர் என்று நடமாடவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், 1925இல், வில்லிஸ் ஓ’பிரையன் பொம்மைகளை அணு அணுவாக நகர்த்திப் படம் பிடித்து உயிர் கொடுத்திருந்தார். தொழில்நுட்பம் முன்னால்தான் போகும் என்று யார் சொன்னது? ஒட்டுக்கொம்பு டைனோசர் வேண்டுமென்றால் நியூசிலாந்து எதற்கு, எங்கள் பேட்டைக் கால்வாய்க்கரைக்குக் காலையில் வந்தால் போதும். பழைய சைக்கிள் டயர் நீளத்துக்கு உடும்புகள், சிவப்பு விளக்குக்கு நிற்காமல் சாலையைக் கடக்கும்.

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அந்தப் புத்தகத்துல நாலு ஆம்பளைங்க மட்டும் போனாங்களா?”

“ஆமா.”

“எறங்க வழி தெரியாம எத்தன நாள் அங்கேயே கெடந்தாங்க?”

வாரக்கணக்கில். கடைசியில் அந்த மலைவாசி இளைஞன் ஒருவன் மரப்பட்டையில் குகைகளின் வரைபடம் கிறுக்கிக் கொடுத்த பிறகுதான் வழி தெரிகிறது. அதையும் வரைபடம் என்று புரிந்துகொள்ள நாலு மேதைகளுக்கு நேரம் ஆகிறது. இதைச் சொல்லியிருக்க வேண்டாம். நாவலில் எனக்குப் பிடித்த அதிகாரம் என்று முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன்.

“முஸ்தபாவுக்குள்ள நீங்க எத்தன மணி நேரம்?” என்றாள்.

பேச்சை மாற்ற, நாவலில் பெண்ணே இல்லை என்று சொல்ல முடியாது, கிளாடிஸ் என்று ஒருத்தி உண்டு என்றேன். வீரன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று சொல்லி மலோனைக் காட்டுக்கு விரட்டுகிறவள் அவள்தான். அவன் டைனோசரை எல்லாம் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பினால், அவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்து குமாஸ்தாவுக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறாள்.

“நல்ல முடிவு” என்றாள் மனைவி. “மாசாமாசம் சம்பளம் வரும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவான்.” ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். “எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு.”

கப்பல் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாக நான் குமாஸ்தா. பதவிப் பெயரை இப்போது ‘நிர்வாக அலுவலர்’ என்று மாற்றியிருக்கிறார்கள், நாற்காலி அதேதான்.

அந்த ஆஸ்திரேலியத் தொடர் மூன்று சீசன், 66 பகுதி ஓடி, எல்லாரையும் அந்தரத்தில் தொங்கவிட்டு 2002இல் நின்றுபோனது என்பதையும் தகவலுக்காகச் சொன்னேன். “அறுபத்தாறா? எங்க சீரியல்ல அது ஒரு வளைகாப்புக்குக் காணாதே” என்று மாமியார் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு வேறொரு விபத்து காத்திருந்தது. ‘எங்க ஊர்ப் பக்கம் வயல்ல சுருள் சுருளா நத்தைக்கல்லு கெடக்கும், சின்ன வயசுல வெச்சு வெளயாடுவோம்’ என்று மாமியார் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் கைப்பேசியில் தேடியிருக்கிறாள். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள், உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்று என் மனைவியின் பிறந்த வீட்டுக்காரர் என்று முடிவாகியிருந்தது.

விஷயம் உண்மைதான். அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடல். அந்த நத்தைக்கல் எல்லாம் அம்மோனைட்டுகள். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் விவரித்து எழுதினார்கள். வைத்த பெயர் புருகத்காயோசாரஸ், பேருடல் கொண்டது என்று அர்த்தம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். அந்த அளவு சரியென்றால், தரையில் நடந்த பிராணிகளில் இதற்குச் சமமாக நிற்கக் கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒருவர் மேல் ஒருவர் நின்றால்கூட அதன் இடுப்பை எட்ட மாட்டோம்.

“எங்க ஊரு மண்ணு அப்படி” என்றாள் மனைவி.

“அந்த எலும்பு இப்ப எங்க இருக்குன்னு படிச்சியா?” என்றேன். எனக்கும் ஒரு பந்து கிடைத்தது. மழையும் ஈரமும் பட்டு, தோண்டி எடுத்த எலும்புகள் உதிர்ந்து பொடியாகிவிட்டன. கையில் ஒன்றும் மிஞ்சாததால், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் அய்யாசாமி இன்னொருவரோடு சேர்ந்து பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கத் தொடங்கியது.

“பிறந்த வீட்டுச் சீரு மழையில கரைஞ்சிருச்சு” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு ரசமும் அப்படித்தான் இருந்தது.

சமாதானத்துக்காகத்தான் பயணம் கிளம்பியது. சூட்கேஸை யாரும் மறக்கவில்லை. அதில் தண்ணீர்ப் போத்தல், புளிசாதம், மாமியாரின் சால்வை. சிங்கப்பூரில் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் காசு கொடுத்து நுழையும் இடம் ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குள் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர். நுழைவுச்சீட்டு விலையை நாலு தலைக்குப் பெருக்கியதும் அது பட்டியலிலிருந்து மறைந்துபோனது. இன்னொன்று, கரையோரப் பூந்தோட்டங்களில் மேகக்காடு என்ற கண்ணாடிக் குவிமாடத்துக்குள், 35 மீட்டர் செயற்கை மலையின் உச்சியில். உள்ளூர்வாசிக்குச் சலுகை உண்டு.

முதலில் கென்ட் ரிட்ஜ். பல்கலைக்கழகத்து லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டியெடுத்த மூன்று நீள்கழுத்து டைனோசர்கள் 2015இலிருந்து அங்கே நிற்கின்றன. பிரின்ஸ், அப்பல்லோனியா, ட்விங்கி என்று பெயர். நன்கொடை திரட்டி, 80 லட்சம் வெள்ளிக்கு வாங்கியது. பெரியவர் பிரின்ஸ் 27 மீட்டர். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் தலையைச் சமையலறை ஜன்னலோரம் வைத்தால், வால் வாசலைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, எதிர்ப் புளோக்குக்காரர் துணி காயப்போடும் கழியில் மாட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் நிறம் மாறின. நான் கண் கலங்கி நின்றேன். பதினான்கு வயது முதல் காத்திருந்தவன்.

மாமியார் பிரின்ஸின் கால் எலும்பை மேலும் கீழும் பார்த்தார். “நம்ம ஊருதவிட சின்னதுதான்” என்று அடுத்த அறைக்கு நடந்தார்.

மேகக்காட்டுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். 2025இல் அங்கே டைனோசர் கண்காட்சியே வந்ததாம். நாங்கள் போனது அதற்கு முன்னால், செடிகளும் அருவியும் மட்டும்தான். கோனன் டாயில் புத்தகம் 1912, இந்த மலை திறந்தது 2012. சரியாக நூறு வருஷம். இதை வாசலில் நின்று அறிவித்தேன். வரிசை நகர்ந்தது.

உள்ளே காலடி வைத்ததும் குளிர்ந்த சாரல் மூஞ்சியில் அடித்தது. எதிரே பச்சை போர்த்திய செங்குத்து மலை, உச்சியிலிருந்து அருவி. அடிவாரத்தில் நின்று, கையை இடுப்பில் ஊன்றி, சேலஞ்சர் எப்படி அண்ணாந்து பார்த்திருப்பாரோ அப்படிப் பார்த்தேன். “ஏறுவோம்” என்றேன்.

“லிஃப்ட் அந்தப் பக்கம்” என்றாள் மனைவி.

அங்கே அதுதான் முறை. எல்லாரும் லிஃப்டில் உச்சிக்குப் போய், நடந்து இறங்க வேண்டும். நாவல் முழுக்க மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வழி தேடிய மலை. சிங்கப்பூரில் அதற்கு லிஃப்ட் வைத்து, தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கு முன்னுரிமையும் கொடுத்திருக்கிறார்கள். நான் நடந்தே வருகிறேன் என்று முறைத்தேன். சீருடைப் பெண் சிரித்தபடி கையால் லிஃப்டைக் காட்டினார். உள்ளே எனக்கும் இரண்டு தள்ளுவண்டிகளுக்கும் நடுவே சிவப்பு சூட்கேஸ்.

உச்சியில் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ என்று பலகை. பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள். நடுவே லெகோ கட்டைகளில் செய்துவைத்த குடுவைச் செடி. மகள் படம் எடுத்து மச்சினன் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டாள். “மாமா, மலை ஏறிட்டீங்களா!” என்று லண்டனிலிருந்து உடனே வந்தது. கட்டைவிரல் காட்டினேன்.

இறங்கும்போதுதான் பாதை மலையைவிட்டு வெளியே வந்தது. அந்தரத்தில் நீண்டு வளைந்து போகிற நடைபாலம். கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தேன். மனிதர்களின் தலைகள் உளுந்தளவில் தெரிந்தன. என் கால் எலும்பு இரண்டு மீட்டர் நீண்டு, மழையில் நனைந்து, பொடியாகிக்கொண்டிருப்பது போலிருந்தது. நாவலில் துரோகி ஒருவன் மரப்பாலத்தைத் தள்ளிவிட்டு நால்வரையும் மேலே மாட்டவைக்கிறான். இங்கே பாலம் கெட்டியாக நின்றது. நான்தான் நகரவில்லை.

பாலர் பள்ளிக் குழந்தைகள் இருபது பேர், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசிக் குழந்தை நின்று, கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டியது. ஆசிரியை பதறி இழுத்துக்கொண்டு போனார்.

மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அருவிக்குக் குறுக்கே வீதியில் நடப்பது போல் நடந்து, மறுமுனையில் நின்று, ‘வாங்க மாப்ள, ஒண்ணும் பண்ணாது’ என்று கையசைத்தார். மனைவி திரும்பி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. சூட்கேஸை மகளிடம் தள்ளிவிட்டு, என் சட்டை நுனியைப் பிடித்து, “கண்ண மூடிக்கிட்டு வாங்க” என்றாள். மூடிக்கொண்டேன். அவள் படி என்றால் படி, வளைவு என்றால் வளைவு. இப்படித்தான் இறங்கினேன். கண் திறந்தபோது அடிவாரம். என் சட்டை பின்னால் வால் போல நீண்டிருந்தது.

பிபிசி படத்தின் முடிவு நாவலின் முடிவு இல்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. நாவலில் பறக்கும் பல்லி ஒன்றை லண்டன் அரங்கத்தில் திறந்துவிட்டு, சேலஞ்சர் ஊர் வாயை அடைக்கிறார். படத்திலோ, ஊருக்குத் தெரிந்தால் அந்த மலை என்னாகும் என்று யோசித்து, கண்டதெல்லாம் புளுகு என்று அவர்களே கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள். படம் பார்த்த இரவு அதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டிருந்தேன்.

எம்ஆர்டி ரயிலில் மகளின் கைப்பேசி டிங் என்றது. “அக்கா, மாமா பயந்தாரா?” என்று மச்சினன். அவனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்திருக்கிறது. மனைவி கைப்பேசியை வாங்கி, நிதானமாக அடித்தாள். தோள்வழியாக எட்டிப் பார்த்தேன். ‘மாமாதான் முன்னாடி போனாரு. நாங்கதான் பயந்தோம்.’

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுரங்கப்பாதை, பார்க்க ஒன்றுமில்லை.

லிட்டில் இந்தியாவில் இறங்கி, மாமியாரையும் மகளையும் சிராங்கூன் சாலையில் ஒரு கோப்பிக் கடையில் உட்காரவைத்தோம். “தேக்கா மூடறதுக்குள்ள காய் வாங்கிட்டு வந்துருங்க” என்று மனைவி கைப்பையிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை, ஒரு சின்னப் பூசணி. வரிசையாக, அழகான கையெழுத்து. பஃபலோ ரோடு விளக்கு வெளிச்சத்தில் தற்செயலாகத் திருப்பினேன். பின்பக்கம் அச்சடித்த எழுத்து: டிவிடி பிளேயர், ஒன்று, 68 வெள்ளி.

நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முருங்கக்காய் பாத்து வாங்குங்க” என்றாள். “முத்தினது வேணாம்.”